ஆஜரான கவுன்

என் மேல்முறையீட்டில் எனக்காக ஆஜரானது வக்கீல் அருளானந்தத்தின் கறுப்பு கவுன். வக்கீல் வரவில்லை. அவருக்கு அன்று மூன்று கோர்ட்டில் வழக்கு, கவுனும் மூன்று இருந்தது. குமாஸ்தா தங்கப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து நாற்காலியில் மாட்டிவிட்டு அடுத்த கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. மூன்றில் பழையதை எனக்கு அனுப்பியதைத்தான் சொல்கிறேன். காலர் நைந்து, இடது கையில் தையல் விட்டுப்போன கவுன் அது. ஐந்து வருடத் தண்டனை வாங்கியவனுக்கு இதுவா? இளிச்சவாயன் தலையில்தானே மிளகாய் அரைப்பார்கள்.

டிரான்ஸ்பார்மர் கம்பியைத் திருடினேன் என்பது வழக்கு. திருட்டு நடந்த நாளில் நான் நூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆஸ்பத்திரியில், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்துக் கிடந்தேன். அதற்கான சீல் வைத்த சீட்டு அந்தக் கவுனின் பைக்குள் இருந்தது. ஜாமீனில் இருந்ததால் முந்தின வாரம் வக்கீல் ஆபீசுக்குப் போய் நானே என் கையால் வைத்தேன்.

அரசு வக்கீல் முக்கால் மணி நேரம் பேசினார். நடுநடுவே கவுனைப் பார்த்து, "கற்றறிந்த நண்பர் இதை மறுக்கமாட்டார்" என்றார். நண்பர் மறுக்கவில்லை. நீதிபதி கவுன் பக்கம் திரும்பி, "உங்க தரப்புல?" என்று கேட்டார். மின்விசிறிக் காற்றில் அதன் வலது கை ஒருமுறை எழும்பி விழுந்தது. 'வாதம் கேட்கப்பட்டது' என்று அவர் எழுதிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கத்தினேன்.

"ஐயா, சீட்டு அந்தப் பையிலதான் இருக்கு. அதுக்குக் கை இருக்கு, விரல் இல்லய்யா. நான் எடுத்துத் தாரேன்."

"வக்கீல் இருக்கும்போது கட்சிக்காரர் குறுக்கே பேசக் கூடாது" என்றார் நீதிபதி. கவுனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

மேல்முறையீடு தள்ளுபடியானது. வக்கீல் சரியாக வாதாடவில்லை என்று ஜெயிலிலிருந்து மனு எழுதிப்போட்டேன். வந்தவர் கடைசிவரை நாற்காலியை விட்டு நகரவே இல்லை, இதைவிட என்ன அக்கறை வேண்டும் என்று பதில் வந்தது. சீட்டைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: கவுன் சலவைக்குப் போய் வந்துவிட்டது.

அன்று மாலை கைதிகளைக் கணக்கெடுக்க வந்த வார்டர் என் சட்டையில் இருந்த எண்ணை மட்டும் பார்த்து டிக் அடித்ததைக் கவனித்தேன். கோர்ட்டுக்கு ஒரு நியாயம், ஜெயிலுக்கு ஒரு நியாயமா? மறுநாள் காலை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். வார்டர் எண்ணைச் சரிபார்த்து டிக் அடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பார்க்க வந்தவங்களுக்கு நேரம் முடிஞ்சிட்டு, கிளம்புங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

பனியனோடு வீடு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்தது என் மனைவி பிரம்மசக்தி.

"யாரு வேணும்?" என்று கேட்டாள்.

"நான்தான் அரியமுத்து."

"அவுகதான் இந்தா இருக்காகளே" என்று உள்ளே காட்டினாள். என் நீலக் கட்டம்போட்ட சட்டை நாற்காலியில் இருந்தது. அதன் முன்னால் நான்கு இட்லி. "நீங்க உட்காருங்க. சாப்பிட்டுட்டுப் பேசுவாக."

உட்கார்ந்தேன். சட்டை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.