குழாயில் வந்த டிகாஷன்

அக்காவின் நாக்குக்கு ஒருமுறை விலை பேசப்பட்டது. ஒரு பழைய வேன், அதற்கு ஒரு வருட டீசல், கூடவே ஆளுயரத் தராசு ஒன்று. பேசியவர் நாலு தெரு தள்ளி டீத்தூள் மொத்த வியாபாரம் செய்யும் போட்டிக் கடைக்காரர். வாரத்தில் இரண்டு நாள் அக்கா வந்து சாம்பிள்களை ருசி பார்த்துக் கொடுத்தால் போதும் என்றார். அக்காவின் வீட்டுக்காரர் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேன் எந்த வருஷ மாடல்?" என்றார். அதன்பிறகு ஒரு வாரம் அவர் தெருமுனைக் கடையில்தான் டீ குடிக்க வேண்டியிருந்தது.

மூட்டை இறக்குபவர் முதல் பேங்க் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் கூசாமல் அக்கா என்றே கூப்பிட்டார்கள். எந்தத் தூளோடு எந்தத் தூள் சேரும் என்று இத்தனை வருடமாக அவள் நாக்குதான் சொல்லிவந்தது. கலந்தது வீட்டுக்காரரின் கை. பாக்கெட்டில் இருந்ததும் அவர் பெயர்தான்.

கீழே கடை, மேலே வீடு. வாங்க வருகிறவர் யாராயிருந்தாலும் மாடியேறி நேராகச் சமையலறைக்கு வந்துவிட வேண்டும். அது அந்தக் கடையின் வழக்கம். வீட்டுக்காரர் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டுவார். "பாருங்க, இது வடிகட்டினதும் இல்ல, காசு கொடுத்து வாங்கினதும் இல்ல. உங்க கடையில வர்ற அதே தண்ணி. இதுல நிக்கிற டீ எங்கேயும் நிக்கும்." பாதி வியாபாரம் அந்த டம்ளரிலேயே முடிந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட குழாய் அன்று காலை இருமியது. இரண்டு தடவை காற்றைத் துப்பியது. பிறகு செம்பழுப்பாக ஒழுகத் தொடங்கியது.

அக்கா ஒரு டம்ளரில் பிடித்து, அடியில் ஏதாவது படிகிறதா பார்க்கலாம் என்று மேடையில் வைத்துவிட்டு, போனைத் தேடி உள்ளே போனாள். திரும்பி வருவதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். டம்ளரைப் பார்த்தார். தொழில் புத்தி, கை தானாகப் போயிற்று. தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்து, பல்லிடுக்கில் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி, தொட்டியில் துப்பினார்.

"யாரு கொடுத்த சாம்பிள் இது? நிறம் மட்டும் இருக்கு, உடம்பு இல்ல. மணம் சுத்தமா கிடையாது. ஒரு இரும்பு வாடை வேற. பாதி விலைக்கு மேல கேட்டா கதவைச் சாத்திடு."

"நம்ம குழாய் கொடுத்த சாம்பிள்தாங்க," என்றாள் அக்கா. "விலையை அதுகிட்டயே பேசிக்கோங்க."

பின்கட்டு அறையிலிருந்து நாத்தனார் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். கடையின் கல்லாவில் உட்காருபவள் அவள்தான். "அண்ணி, அண்ணன் சொன்ன விலைக்கே முடிச்சிடுங்க. நிறுத்தாம சப்ளை வருது பாருங்க!"

சிரிக்கிற நாளாக இருந்தால் அக்காவும் சிரித்திருப்பாள். அன்று பதினோரு மணிக்கு ஸ்ட்ராங் வருகிறார். பஸ் டிப்போவில் கேன்டீன் நடத்துபவர். எந்த டீயைக் குடித்தாலும் "இன்னும் ஸ்ட்ராங்கா இல்லையா?" என்று கேட்டுக் கேட்டே பெயர் வாங்கியவர். இந்த முறை அவருக்குக் காட்டப்போவது அக்கா தன்னந்தனியாகக் கலந்த கலவை. வீட்டுக்காரரிடம் சண்டை போட்டு வாங்கிய வாய்ப்பு அது. அவரும் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. "ஸ்ட்ராங் வாங்கினா கடை வாசல்ல மூட்டையைத் திறந்து வெச்சு உன் கலவைன்னே விக்கிறேன். வாங்கலைன்னா இந்தக் கலக்கல் வேலையெல்லாம் சமையல்கட்டோட நிறுத்திக்கணும். சரியா?" என்று ஒப்பந்தம் போட்டிருந்தார். அக்காவும் சரி என்று தலையாட்டியிருந்தாள்.

தண்ணீர் ஆபீஸுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் காலையிலிருந்து இதையே நூறு பேருக்குச் சொன்ன குரலில் ஒப்பித்தாள். "மெயின் குழாயில வேலை நடந்துச்சுங்க. உள்ளே படிஞ்ச துரு கலைஞ்சு வருது. பச்சைத் தண்ணிக் குழாயை மட்டும் திறந்து விடுங்க, ஓடி ஓடித் தெளிஞ்சிடும். ஹீட்டரை அணைச்சிடுங்க. வெந்நீர்க் குழாயைத் தொடவே தொடாதீங்க, துரு ஹீட்டருக்குள்ள போய் உக்காந்துக்கும். துணி துவைக்காதீங்க."

வீட்டுக்காரர் போனை எட்டிப் பிடித்தார். "அம்மா, திறந்து விட்டா மீட்டர் ஓடுமே? நீங்க கொடுத்த சரக்கு கெட்டுப்போனதுக்கு நாங்க காசு கட்டணுமா? பாதியாவது குறைச்சுக்கோங்க."

அக்கா போனைப் பிடுங்கி நன்றி சொல்லி வைத்தாள்.

"துணி துவைக்கக் கூடாதாம்," என்று அவள் சொன்னபோது பின்கட்டில் சிரிப்பு நின்றது. நாத்தனார் தன் அறையின் வெள்ளைத் திரைச்சீலைகளை மெஷினில் போட்டு ஒரு சுற்று முடித்திருந்தாள். வெளியே எடுத்தபோது அவை சாயம் போட்டு எடுத்தது போல இருந்தன.

"பிளீச் மட்டும் ஊத்திடாதே," என்றாள் அக்கா அவசரமாக. "துருக் கறைக்கு பிளீச் பட்டா போகவே போகாது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு உப்பு போட்டு ஊற வை."

"ஊத்திட்டேனே அண்ணி."

"எவ்வளவு?"

"சீக்கிரம் வெளுக்கட்டும்னு பாட்டிலோட."

திரைச்சீலைகள் அந்த நிமிடத்திலிருந்து நிரந்தரமாகப் பழுப்பு நிறம் ஆயின. நல்ல ஷேடுதான் என்று வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார். நாத்தனார் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கடைக்கு இறங்கிப் போய்விட்டார்.

அக்கா பின்பக்கத்தில், மீட்டரை ஒட்டித் தாழ்வாக இருந்த குழாயை முழுசாகத் திறந்தாள். வாளி வாளியாகப் பிடித்துக் கழிப்பறைக்கும் கடைப்படி கழுவவும் ஒதுக்கினாள். வியாபாரி வீட்டில் கெட்ட தண்ணீரைக்கூடச் சும்மா சாக்கடையில் விட மனசு வராது. கடுங்காப்பி நிறத்தில் வந்தது தேன் நிறமாயிற்று. தேன் நிறம் வெளிறி வைக்கோல் நிறமாயிற்று. அப்புறம்தான் மேலே வந்து சமையலறைக் குழாயின் மூக்கைத் திருகிக் கழற்றி, அதிலிருந்த சின்னச் சல்லடையைக் கையில் தட்டினாள். கறுப்பும் சிவப்புமாகத் துரு மணல் கொட்டியது. சல்லடையைக் கழுவி மாட்டித் திறந்ததும் தண்ணீர் பளிச்சென்று விழுந்தது. அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். தண்ணீர் ருசி. அப்பாடா என்றிருந்தது.

வெந்நீர்ப் பக்கம் யாரும் போகவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் விடியற்காலையிலேயே ஹீட்டரைப் போட்டு ஆனந்தமாகக் குளித்திருந்தாள். கரண்ட் செலவாகுமே என்று குளியலறை விளக்கைப் போடாமல் குளிப்பவள் என்பதால், தன் தலையில் என்ன நிறம் விழுந்தது என்று அவளுக்கே தெரியாது.

ஸ்ட்ராங் சொன்ன நேரத்துக்கு வந்தார். மாடிப்படியின் கடைசிப் படியிலேயே பேரம் ஆரம்பமாகிவிட்டது. "என்ன முதலாளி, இத்தனை படி ஏற விடுறீங்க? மூச்சு வாங்கினதுக்கே மூட்டைக்கு ஏதாவது குறைக்கணும்."

"இறங்கும்போது சுலபமா இருக்குமே அண்ணே, அதுக்கு ஏத்திக்கிறேன். சரியாப் போச்சு," என்றார் வீட்டுக்காரர்.

குழாயைத் திறந்து டம்ளரை உயர்த்திக் காட்டினார். தண்ணீர் கண்ணாடியோடு கண்ணாடியாக நின்றது. ஸ்ட்ராங் தலையசைத்தார். அக்கா தன் கலவை டின்னை எடுத்துவரக் கடைக்கு இறங்கினாள். திரும்பி வந்தபோது அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று ஒரு கணம் தோன்றியது. வந்த மனுஷர் எதிரில் நிற்கும்போது அதைப் பற்றி என்ன விசாரணை?

கலவையை அளந்து போட்டு வெந்நீரை ஊற்றினாள். மூடி, பொறுத்து, வடிகட்டினாள்.

டம்ளரில் இறங்கியது கறுப்பு. மை மாதிரிக் கறுப்பு. ஓரத்தில் லேசாக நீலம்கூட ஓடியது.

"அடேங்கப்பா!" ஸ்ட்ராங் டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "ஒரு ஸ்பூனுக்கே இந்தக் கறுப்பா! இதுதான் டீ! டிரைவருங்க கண்ணு தானாத் திறந்துக்கும். அரை ஸ்பூன் போட்டாலே எனக்குப் போதும். முதலாளி, வருஷம் முழுக்க இதையே எடுத்துக்கறேன். விலையைச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். ஜெயிச்சுட்டே என்று அர்த்தம்.

அக்கா தன் டம்ளரை உறிஞ்சினாள். நாக்கின் நடுவில் இரும்பு உட்கார்ந்தது. நேராகத் தொட்டிக்கு மேலிருந்த வெந்நீர்க் குழாயைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவருடைய கண்ணடிப்பு பாதியில் நின்றது. உடனே அவர் மேற்கூரையை ஆராயத் தொடங்கினார். சூடான தண்ணீர் சும்மா கிடக்கிறதே, கேஸ் மிச்சம் என்று வெந்நீர்க் குழாயில் கெட்டிலைப் பிடித்தவர் யார் என்று கேட்கவே வேண்டியதில்லை.

ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். நாளைக்கே மூட்டை கடை வாசலில் இருக்கும். ஆனால் ஸ்ட்ராங் வாங்கியது மெயின் குழாயின் துருவை. அவருடைய கேன்டீன் தண்ணீரில் இந்தத் தூள் தன் சொந்த நிறத்தைக் காட்டும். மறுநாளே இதே படியில் ஏறிவந்து, அக்கா கலந்தது ஏமாத்து என்று ஊருக்கே கேட்கும்படி கத்துவார். அதைவிட இன்னொன்று அவளை உறுத்தியது. தன் டீயை இன்னும் ஒருவர்கூடக் குடிக்கவில்லை.

"அண்ணே, அந்த டம்ளரைக் கீழே வைங்க," என்றாள். "அந்தக் கறுப்பு டீயோடது இல்ல. காலையில குழாயில துரு வந்துச்சு. துருத் தண்ணில டீத்தூள் பட்டா இப்படித்தான் மை ஆயிடும். நான்தான் அவசரத்துல தண்ணிய மாத்திப் புடிச்சிட்டேன். வேற போட்டுத் தர்றேன்."

வீட்டுக்காரர் மேற்கூரையிலிருந்து பார்வையை இறக்கினார்.

பச்சைத் தண்ணீரைப் பிடித்துக் கொதிக்க வைத்துப் போட்ட டீ செம்பொன் நிறத்தில் இறங்கியது. டம்ளருக்கு அந்தப் பக்கம் இருந்த விரல்கள் தெரிந்தன. ஸ்ட்ராங்கின் முகம் விழுந்துவிட்டது.

"என்னக்கா இது? பயந்தாங்கொள்ளி டீயா இருக்கு!"

"குடிச்சுட்டுத் திட்டுங்க."

குடித்தார். திட்டவில்லை. கேன்டீனுக்குப் பழைய தூளே போதும் என்று வீட்டுக்காரரிடம் திரும்பி, மூட்டை விலையில் ஆரம்பித்து, சாக்குக்கு எடை கழிப்பதில் இழுபறி போட்டு, இறக்குக் கூலி யார் தலையில் என்பது வரை சண்டை பிடித்தார். பேசிக்கொண்டே உறிஞ்சினார். கடைசியில் காலி டம்ளரை உறிஞ்சிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டிரைவருங்களுக்குக் கறுப்பா இருந்தாத்தான் டீ," என்றார் எழுந்தபடி. அக்கா டம்ளர்களை எடுத்துத் தொட்டியில் போட்டாள். முடிந்தது, இனி கலக்கல் சமையல்கட்டோடுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்ட்ராங் படியருகே நின்றார். "அந்தப் பயந்தாங்கொள்ளி டீ இருக்கே, அதுல ஒரு கிலோ கட்டுங்க. என் வீட்டுக்கு."

வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில், எப்படியும் பாதியாவது குறைப்பார் என்று தாராளமாக ஏற்றி ஒரு விலை சொன்னார். ஸ்ட்ராங் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்காரர் கையிலிருந்த நோட்டுகளை இன்னொரு தடவை எண்ணினார்.

"பேரம் பேசலையே!" என்றார் வீட்டுக்காரர். திருட்டுப் போனதைப் பார்த்தவர் குரல் மாதிரி இருந்தது. "அந்த மனுஷன் பஸ் டிக்கெட்டுக்கே பேரம் பேசுறவன்!"

"உடம்புக்கு ஏதாவது முடியலையோ என்னவோ," என்றாள் நாத்தனார்.

"அப்ப வாங்கிட்டாரு," என்றாள் அக்கா.

"ஒரு கிலோ வாங்கினா வாங்கினதாகுமா? வருஷ ஆர்டரைத்தானே நான் சொன்னேன்?"

"நீங்க சொன்னது 'வாங்கினா'ன்னுதான். எடை சொல்லலையே. அது கிடக்கட்டும், கணக்கைப் பாப்போம்." அக்கா விரலை மடக்கினாள். "நஷ்டத்துல ஒரு கெட்டில் துருத் தண்ணி. ஒரு ஜோடித் திரைச்சீலை."

"பாட்டில் பிளீச்சையும் சேருங்க அண்ணி."

"சேத்தாச்சு. லாபத்துல பேரம் பேசாத ஒரு கிலோ. அப்புறம் வர வேண்டிய பாக்கி ஒண்ணு இருக்கு. வெந்நீர்க் குழாயில புடிச்ச பழியை நான் வாங்கிக்கிட்டேன். அதுக்கு என்ன தர்றீங்க?"

வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கடை வாசலைப் பார்த்தார். "கால் மூட்டை வாசல்ல வைக்கிறேன்."

"ஒரு மூட்டை."

"அரை. அதுவும் ஓரமா."

"ஒரு மூட்டை. நடுவுல."

"முக்கால். நடுவுல. இதுக்கு மேல எனக்குக் கட்டாது."

அக்கா யோசிப்பது போலக் கொஞ்ச நேரம் அவரைக் காக்க வைத்தாள். பிறகு தலையசைத்தாள்.

வரவு, முக்கால் மூட்டை. பாக்கி, கால்.