எக்காட்டின் ஊரில் தொங்கும் விளக்கு

என் பெயர் லக்ஸன். மன்னார், பேசாலை சூசைதாசன் எக்காட்டின் மகன். வயது இருபத்து நான்கு. ஜெர்மனியில், எம்டனில் இருந்து டுசல்டோர்ஃப் போகிற ரயிலில் இருக்கிறேன். எழுதக் கை வரவில்லை. நான் பேசப் பேச போன் எழுதிக்கொண்டு போகிறது. பிழை இருந்தால் சித்தப்பா, மாமிமார் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா என் அழைப்பை எடுக்கிறார் இல்லை. அதனால்தான் குடும்பக் குழுவில் போடுகிறேன். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் இதில் இருப்பதால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

எங்கள் முதல் எக்காட் ஒரு ஜெர்மன்காரன் என்பார் அப்பா. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் காலத்தில் மன்னார்க் கோட்டையில் பண்டகசாலை பார்த்தவனாம். ஊரிலேயே பெண் எடுத்து அங்கேயே நின்றுவிட்டானாம். ஒல்லாந்தர் எங்கள் ஊராரைத் தங்கள் சபைக்கு மாற்றியிருந்தார்கள், அவர்கள் போன பிறகு நாங்கள் திரும்பவும் கத்தோலிக்கரானோம், ஆனால் பெயரை விடவில்லை. எங்கள் வள்ளத்திலும் அந்தப் பெயர்தான் எழுதியிருக்கிறது.

தங்கச்சி அன்ரனிற்றாவை டெனிஸ்ரனுக்குக் கேட்டு அவனுடைய தகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். அவர் எங்கள் வள்ளத்தில் வலை இழுத்தவர், அப்பா வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. அன்றைக்கும் முற்றத்தில்தான் நின்றார்.

"சம்மாட்டியார், பிள்ளையள் விரும்பினம். நாங்கள் பெரியாக்கள்தானே பேசி முடிக்கவேணும்" என்றார்.

"நீ ஆர், நாங்கள் ஆர்? எங்கட வம்சத்தில முதல் ஆள் வெள்ளைக்காரன், தெரியுமே?" என்றார் அப்பா.

"தெரியும் சம்மாட்டியார். பிறகு வெயிலில கொஞ்சம் கருகிப்போனியள் போல."

வேலிக்கு வெளியே நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அப்பா மறக்கவே இல்லை. கொழும்பில், வெள்ளைக்காரர் வழி வந்த ஒரு பறங்கிக் குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்தார். அவர்களும் எங்கள் பெயரைக் கேட்டுத்தான் சம்மதித்தார்கள். அந்த மனிதருக்கு அன்ரனிற்றாவைவிட எவ்வளவு வயது கூட என்று நான் சொல்லத் தேவையில்லை, படம் குழுவிலேயே கிடக்கிறது. அப்பா எனக்கு ஒரே ஒரு வேலைதான் தந்தார். "நீ அங்கதானே இருக்கிறாய். எக்காட்டின்ர ஊரைக் கண்டுபிடிச்சு ஒரு படம் அனுப்பு. சட்டம் போட்டு விறாந்தையில மாட்டுறன். கலியாணத்துக்கு வாற சனம் பாக்கட்டும்."

அன்ரனிற்றா ஒருநாள் வீடியோ அழைப்பு எடுத்தாள். முகத்தைக் காட்டவில்லை, போனைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"அண்ணா, தேடுறியா?"

"அப்பா சொன்னவர் எல்லோ."

"தேடு. ஆனால் கண்டுபிடிச்சிடாதை. அந்தப் படம் வந்தால் என்ர கதை முடிஞ்சுது."

அப்பாவுக்கு இருதய வருத்தம். அவளுக்கு வாழ்க்கை. இரண்டையும் நான்தான் இங்கிருந்து தூக்கிப் பிடிக்கிற மாதிரி இருந்தது. அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி வகுப்பில் சொல்வது ஒன்றும் காதில் ஏறவில்லை. கடைசியில் பேர்பெச்சுவா அக்காதான், "இருந்து நடுங்காதை, போய்ப் பாப்பம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு வந்தா. பேர்பெச்சுவா அக்கா அப்பாவின் பெரியம்மா மகள்தான், ஆனால் இங்கே எல்லாருக்கும் அக்கா. சண்டைக் காலத்தில் அகதியாக வந்தவ. ஜெர்மன்காரரோடு ஜெர்மன் மொழியிலேயே சண்டை பிடிக்கக்கூடியவ.

எம்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். அங்கே எக்காட் என்ற பெயரில் இன்னும் ஒரு வீடு இருக்கிறது. அக்கா அதைத் தேடிப் பிடித்து, நாங்கள் வருவதை முன்னமே சொல்லியிருந்தா. லாரா எக்காட் என்ற பெண் தேவாலயக் கதவின் திறப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றா. எங்களைக் கண்டதும் கை தந்து, "மன்னாரா?" என்று தெளிவாகக் கேட்டா. இந்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரி மன்னார் என்று சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா சொன்னது எல்லாம் உண்மைதான் என்று நினைத்தேன். உடனே அன்ரனிற்றாவை நினைத்தேன்.

உள்ளே, பீடத்துக்கு முன்னால், ஒரு பெரிய பித்தளை விளக்கு தொங்குகிறது. பல கைகள் உள்ள மெழுகுதிரி விளக்கு. அதன் அடிக் குமிழில் எழுத்து வெட்டியிருக்கிறது. பழைய எழுத்து, எனக்கு வாசிக்க ஏலாது. லாரா ஏணியைச் சாத்தி ஏறி, விரலை வைத்து வாசித்து, இன்றைய ஜெர்மனில் சொன்னா. பேர்பெச்சுவா அக்கா தமிழில் சொன்னா. பாதியில் அவவின் குரல் இறங்கிவிட்டது.

மன்னாரில், மனைவியும் பிள்ளையும் இல்லாமல் இறந்த யோகான் எக்காட்டின் நினைவாக அவன் தமையன் கொடுத்தது. தன் வீட்டு அடிமைகளுக்கு ஞானத்தகப்பனாக நின்று, அவர்களுக்குத் தன் பெயரைக் கொடுத்தவன்.

"பிள்ளை இல்லையாம்" என்றேன். "அப்ப நாங்கள் வேற எக்காட்டாக்கும் அக்கா. இன்னொரு ஆள் வந்திருப்பான்."

"உன்ர ஞானஸ்நானப் பேர் என்ன?"

"கிளமென்ற்."

"ஆரின்ர பேர் அது?"

"என்ர ஞானத்தகப்பன்ர."

"அவர் உனக்கு என்ன முறை? உன்ர இரத்தமே?"

"இல்லை. அப்பாவோட தொழிலுக்குப் போனவர்."

"பிறகென்னடா கேள்வி? நாங்கள் இண்டைக்கும் அதைத்தானே செய்யிறம். தண்ணி ஊத்தேக்க பிடிச்சு நிக்கிறவன்ர பேரைப் பிள்ளைக்கு வைக்கிறம். அவனும் அந்த அடிமைகளைப் பிடிச்சு நிண்டான், தன்ர பேரைக் குடுத்தான். அவையின்ர வழிதான் நாங்கள். இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் இது மண்டையில ஓடேல்ல."

நான் அங்கே கிடந்த வாங்குப் பலகையில் குந்திவிட்டேன். லாராவுக்கு எங்கள் பேச்சு விளங்கவில்லை, ஆனால் முகம் விளங்கியிருக்க வேண்டும். ஏணியால் இறங்கி வந்து என் பக்கத்தில் இருந்தா. அவன் அந்தப் பிள்ளைகளில் யாருக்காவது உண்மையிலேயே தகப்பனாகவும் இருந்திருக்கலாம், அதை யாரும் விளக்கில் வெட்டமாட்டார்கள் என்றா. ஆறுதலுக்குத்தான் சொன்னா. அக்கா அதைத் தமிழில் சொல்லிவிட்டு, தன் பங்குக்கும் ஒன்று சொன்னா.

"அப்பிடி எண்டாலும், தாய் ஆர்? அந்த வீட்டில வாங்கி வச்சிருந்த அடிமைப் பெட்டை. ஓம் எண்டு சொன்னாளோ, மாட்டன் எண்டு சொன்னாளோ, ஆர் கேட்டது?"

எனக்கு அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேசியதும் இல்லை. இவ்வளவு காலமும் நாங்கள் அவளை வாங்கியவனைக் கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் எடுத்தேன். ஒளிக்காமல் சொன்னேன். முடிந்ததும் அவருக்கு மூச்சு இரைக்கிறது கேட்டது. நான் பயந்துபோய், "அப்பா, நெஞ்சு வருத்தக் குளிசை போட்டனீங்களா?" என்று கேட்டேன்.

"படம் எடுத்தனியா?"

"எடுத்தனான்."

"அந்த எழுத்துத் தெரியாத மாதிரி, விளக்கு முழுசாத் தெரியிற மாதிரி ஒண்டு அனுப்பு. வேற ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதை."

"அப்பா, இனியும் எதுக்கு டெனிஸ்ரனை வேண்டாம் எண்டுறியள்? நாங்களும் ஆரின்ரயோ முற்றத்தில நிண்ட ஆக்கள்தானே."

"ஞாயிற்றுக்கிழமை கோயில்ல கலியாண அறிவித்தல் வாசிக்கினம். நான் வாக்குக் குடுத்திட்டன்" என்றார். பிறகு, நான் இதுவரை கேட்காத ஒரு சின்னக் குரலில், "அந்தப் பேரை விட்டால் என்னட்டை வேற என்ன தம்பி கிடக்கு?" என்று கேட்டார். தொடர்பை வெட்டிவிட்டார். அன்ரனிற்றாவின் போனும் இப்போது வேலை செய்யவில்லை.

அப்பா கேட்ட படத்தை நான் அனுப்பவில்லை. எழுத்துத் தெரிகிற படத்தை இதன் கீழே போடுகிறேன். அப்பாவை ஒருவரும் ஏளனம் செய்யவேண்டாம். இது காதில் விழுந்தால் டெனிஸ்ரன் வீட்டாரும் செய்யவேண்டாம். அக்கா எனக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறா, நித்திரை இல்லை.

பெண் ஓம் என்று சொல்லாத கலியாணத்துக்குப் பங்குச் சுவாமி அறிவித்தல் வாசிக்கமாட்டார். பேசாலையில் இருக்கிறவர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் போங்கள். அப்பா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, அன்ரனிற்றாவுக்கு இந்தக் கலியாணத்தில் விருப்பமா என்று அவளிடம் கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே சுவாமியிடம் போய்ச் சொல்லுங்கள்.