காணாமல் போன நாற்பத்தைந்து சென்ட்

மதுமதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உறுமிக்கொண்டிருந்த ஜேசிபியின் பக்கெட்டுக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

"அக்கா, எறங்குங்க! என்ற கை தவறி லிவர்ல பட்டா மேல போயிருவீங்க!" அலறினான் டிரைவர் செந்தமிழன்.

"போறேன். மேல இருந்தே பார்க்கிறேன், எவன் என் கொடிக்கால்ல கை வைக்கிறான்னு."

பக்கெட்டுக்கு மூன்றடி முன்னால் அவளுடைய வெற்றிலைக் கொடிக்கால். அகத்தியைச் சுற்றிக்கொண்டு ஆளுயரத்துக்கு மேல் போயிருந்தது. ஜேடர்பாளையத்து வாய்க்கால் தண்ணீரையும் மதுமதியின் இரண்டு வருடச் சம்பளத்தையும் குடித்து வளர்ந்த கொடி. பிடுங்கிப்போட அரைமணி நேரம் போதும்.

நாமக்கல்லில், பிள்ளைகளை விடுதியில் பூட்டி வைத்து மார்க் கறக்கும் பள்ளி ஒன்றில் அவள் கணக்கு டீச்சர். இலை பறிக்கிற பெண் போனில் கதறியதும், பாடத்தைப் பாதியில் போட்டுவிட்டு பஸ் ஏறியிருந்தாள்.

அண்ணன் சின்னண்ணன் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலை விசிறியாக்கி வீசிக்கொண்டே வந்தான்.

"கீழ எறங்கு அம்மிணி. அப்பன் உட்டுட்டுப் போனது அஞ்சு ஏக்கரு. பத்திரப்படி உனக்கு ரெண்டு ஏக்கர் அஞ்சு சென்ட்டு. எனக்கு ரெண்டு ஏக்கர் தொண்ணூத்தஞ்சு. அளந்து கல்லு நட்டாச்சு. கொடிக்கா என்ற பக்கம் உழுந்திருச்சு. நான் கரும்பு வெக்கோணும்."

"பாதிப் பாதின்னுதானே பேசினோம்? அஞ்சுல பாதி எவ்வளவுண்ணா?"

"ரெண்டரை."

"அப்புறம்?"

"நீ பெரிய மனசு பண்ணி உட்டுக் குடுத்திட்டேன்னு நெனச்சேன். ஊரு பூராச் சொல்லிட்டேன். உன்ற அண்ணி உனக்குச் சேலைகூட எடுத்து வெச்சிருக்கா."

"நாப்பத்தஞ்சு சென்ட்டுக்கு ஒரு சேலையா?"

"எளம்பிள்ளைச் சேலை, புள்ள."

பக்கெட்டே அதிரும்படி அவள் பல்லைக் கடித்தபோது, பரமத்தி வேலூர் பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. பத்திரம் எழுதிய ஜாபர். பஸ்ஸில் வரும்போதே போன் போட்டு அவரை வரச் சொல்லியிருந்தாள். சொன்னவிதம் இங்கே அச்சேறாது.

"வாங்க பாய்! ரெண்டரை ஏக்கரை எப்படி ரெண்டு ஏக்கர் அஞ்சு சென்ட்டாக்கினீங்க? மிச்சத்தைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டீங்களா?"

ஜாபர் நெற்றியைத் துடைத்தார். "டீச்சர், எனக்கு வந்த சீட்டுல ரெண்டு புள்ளி அஞ்சுன்னு இருந்துச்சுங்க. எங்க தொழில்ல புள்ளிக்கு இந்தப் பக்கம் ஏக்கரு, அந்தப் பக்கம் சென்ட்டு. ரெண்டரைன்னா ரெண்டு புள்ளி அஞ்சு சைபர்னு இருக்கோணும். சைபர் இல்லீன்னா அது வெறும் அஞ்சு சென்ட்டுதானுங்க."

"தசமம்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"முப்பது வருசமா புள்ளிக்கு அந்தப் பக்கம் சென்ட்டைத்தானுங்க பாத்திருக்கேன்."

செந்தமிழன் இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். "நாப்பத்தஞ்சு சென்ட்டுன்னா எத்தன அடி வருமுங்க பாய்?"

ஜாபர் செல்போனில் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் பக்கெட்டிலிருந்து பதில் வந்தது. "ஒரு சென்ட் நானூத்தி முப்பத்தஞ்சு புள்ளி ஆறு சதுர அடி. நாப்பத்தஞ்சால பெருக்கினா பத்தொன்பதாயிரத்து அறுநூத்தி ரெண்டு."

"எட்டு கிரவுண்டுக்கு மேல! மெட்ராஸா இருந்தா இந்நேரம் அடுக்குமாடி கட்டி லிப்ட்டும் வெச்சிருப்பானுங்க," என்றான் செந்தமிழன்.

வெள்ளைக்காரன் கப்பலேறியபோது ஏக்கரை மட்டும் எடுத்துப்போக மறந்துவிட்டான். சர்க்கார் பட்டாவில் ஹெக்டேர் என்று போட்டுப் பார்த்தது. என்ன பிரயோஜனம்? இந்த வட்டாரத்தில் அண்ணன் தங்கைகள் ஹெக்டேரில் அடித்துக்கொள்வதில்லை.

"அதெல்லாம் சரி, படிச்சுப் பாக்காம நீ ஏன் கையெழுத்துப் போட்டே?" என்றான் சின்னண்ணன்.

"ஒரு மணி நேர பர்மிஷன்ல வந்தேன். உங்களை நம்பித் தொலைச்சேன்."

"நான் சத்தமா வாசிச்சுக் காட்டினேனுங்க. நீங்க போன்ல ஒரு பையனோட அப்பாவை வஞ்சுக்கிட்டிருந்தீங்க," என்றார் ஜாபர்.

"விடுங்க பாய். அந்தச் சீட்டை எழுதின முட்டாள் யாரு? அதைச் சொல்லுங்க."

ஜாபர் சின்னண்ணனைப் பார்த்தார். சின்னண்ணன் ஜேசிபியின் டயரைப் பார்த்தான்.

மதுமதிக்குப் புரிந்துவிட்டது. ரெண்டாம் பெஞ்சில் பிட் வைத்திருப்பவனைத் தூரத்திலேயே மோப்பம் பிடிக்கிறவள் அவள்.

"சீட்டு கையில இருக்கா பாய்?"

"ஃபைல்ல இருக்குங்க. ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. எழுதினது யாரோ, அவங்க தலையிலதான் நஷ்டம். அண்ணன் எழுதியிருந்தா நாளைக்கே பிழைதிருத்தல் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். நீங்க எழுதியிருந்தா செலவு பூரா உங்களுது. ரெண்டு பேரும் இல்லேன்னா இந்தக் கொடிக்காலை நானே என் கையால பிடுங்கிப் போடறேன். என் குலசாமி மேல சத்தியம். செந்தமிழா, நீ சாட்சி!"

"சத்தியமெல்லாம் எதுக்கு அம்மிணி? ஊட்டுக்குப் போயி சாவகாசமாப் பேசிக்கலாம்."

"பயமாண்ணா?"

"எனக்கென்ன பயம்?"

"டீச்சர், சொன்னாக் கேளுங்க, அது வேண்டாமுங்க," என்று ஜாபர் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

"எடுங்க பாய்!"

ஃபைல் திறந்தது. நாலாக மடித்த தாள் ஒன்று வெளியே வந்தது. ஜாபர் அதை மதுமதியிடம் நீட்டவில்லை. சின்னண்ணனும் கை நீட்டவில்லை. கடைசியில் சாட்சி வாங்கிப் பிரித்தான். வண்டிச் சத்தத்தில் பழகிய தொண்டையால், அடுத்த வயல்வரை கேட்கும்படி வாசித்தான்.

"'அப்பா நிலம் மொத்தம் 5 ஏக்கர். இதில் எனக்கு 2.5. மீதி அண்ணனுக்கு. இப்படிக்கு, வே. மதுமதி, எம்.எஸ்சி., பி.எட்., முதுகலைக் கணித ஆசிரியை.'"