ஏழாம் எண்ணின் ரத்தம்

1

பதினெட்டு மணி நேரம். இந்தக் கதை அந்தக் கணக்கிலிருந்து வந்தது. ரத்த அணுக்களைக் காசநோய்க் கிருமியின் புரதத்தோடு சேர்த்து, சிறு குழிகள் உள்ள தட்டில் இட்டு, முப்பத்தேழு டிகிரி சூட்டில் அவ்வளவு நேரம் வைக்க வேண்டும். கிருமியை முன்பே சந்தித்த அணுக்கள் இருந்தால் தட்டின் குழியில் நீலப் புள்ளிகள் விழும். சந்திக்காதவை சும்மா இருக்கும். கோலாலம்பூரில் ஓர் ஆய்வகத்தில் அதைப் பார்த்தேன். உள்ளபடி எழுத நேரம் இல்லாததால் (பொய். தைரியம் இல்லாததால்) தாமரை என்று ஒருத்தியை உண்டாக்கினேன்.

2

முதல் தொடக்கம்: தாமரைக்குக் காப்பாரில் வீடு, பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறை, ஆய்வகத்தில் வேலை. போன வருடம் அவள் அப்பா பக்கிரிசாமிக்கு

இந்த வாக்கியத்தை அப்புறம் முடிக்கிறேன்.

இரண்டாவது தொடக்கம் தேவலை. டாக்டர் மலர்விழி காலையில் கிளாங்கில் நோயாளிகளைப் பார்ப்பார். மதியம் ஆய்வகத்தில் அவர்களுடைய ரத்தத்தைப் பார்ப்பார். ஒரு தட்டில் பதினோரு நோயாளிகள், ஒப்பிட ஓர் ஆரோக்கியமானவர். அவருக்கு ‘கண்ட்ரோல்’ என்று பெயர். அந்த ரத்தத்தை ஆய்வகத்தில் வேலை செய்பவர்களே முறை வைத்துக் கொடுப்பது வழக்கம். குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்.* இந்த முறை ஏழு.

(*ரத்தம் எடுக்குமுன் ஒரு படிவம் உண்டு. அதில் ‘வீட்டில் யாருக்காவது’ என்று தொடங்கும் ஒரு கேள்விக்கு ஏழாம் எண் ‘இல்லை’ என்று குறித்திருந்தது.)

3

ஏழாம் எண்ணின் குழி வெறுமையாக இருக்க வேண்டும். அம்மை போட்ட மாதிரி இருந்தது.

“யாரு பாஸ், தட்டுல நாசி லெமாக் சோத்தைக் கொட்டினது?” என்றான் உடன் வேலை செய்யும் பிரவின்.

டாக்டர் சிரிக்கவில்லை. “கண்ட்ரோலே இப்படின்னா தட்டு முழுக்க நம்ப முடியாது லா. எங்கயோ கலந்திருக்கு. நாளைக்குத் தூக்கிப் போட்டுடலாம்.”

“மறுபடி ரத்தம் எடுக்கலாமே, டாக்டர்?” என்றாள் தாமரை.

“எப்படி? இது மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது. இப்ப பதினோரு பேரும் மாத்திரை சாப்பிடுறாங்க. போனா போனதுதான்.”

“ஏழு யாருன்னு லிஸ்ட்டைத் திறந்து பாத்துட்டா?” என்றான் பிரவின்.

“பேரைப் பாக்க மாட்டேன்னு சொல்லித்தானே கைய நீட்டச் சொன்னேன்? திறக்க மாட்டேன்.” பிறகு தாமரையிடம், “கலக்கினது நானாத்தான் இருக்கும்மா. உன் கை சுத்தம், எனக்குத் தெரியும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் உண்டாக்கவில்லை.

4

முடிவு அ: தட்டு குப்பைக்குப் போகிறது. தாமரை காப்பாருக்குப் பஸ் ஏறுகிறாள். எழுதிப் பார்த்தேன். பதினோரு பேரில் ஒருவர் மீன்பிடிப் படகிலிருந்து நேராக வந்து, ஈரச் சட்டையோடு கை நீட்டியவர். அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: டாக்டரே கண்டுபிடித்துவிடுகிறார். எழுதச் சுலபம். தாமரை வாயைத் திறக்கவே வேண்டாம். அதையும் அடித்தேன்.

அம்மா போனில் இன்னும் அதையேதான் சொல்கிறாள்: “யாரு கேட்டாலும் அப்பாவுக்கு நிமோனியான்னு சொல்லு. தங்கச்சியப் பொண்ணு பாக்க வர்றாங்க லா.”

முடிவு இ-க்கு டாக்டரின் பதில் வேண்டும். அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தாமரையும் இனி வேண்டாம். மறுநாள் காலை டாக்டரின் அறைக் கதவை நானேதான் திறந்தேன். உள்ளே போகாமல், இரண்டாம் பகுதியில் விட்ட வாக்கியத்தை நின்ற இடத்திலிருந்தே முடித்தேன்.

“டாக்டர், தட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. எதுவும் கலக்கல. ஏழு நான்தான். போன வருசம் எங்க அப்பாவுக்கு டிபி.”