அண்ணி உரக்கச் சொன்ன கடவுச்சொல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஒரு திரைச்சீலைக் கடையில் வளையம் வாங்க நின்றபோது காதில் விழுந்தது. உள்ளே தையல் மெஷினிலிருந்து ஒருவர், "அண்ணி, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டார். கல்லாவில் இருந்த அண்ணி தலையைத் தூக்காமல், கடை முழுக்கக் கேட்கிற குரலில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான், கூரியர்காரர், அளவு கொடுக்க வந்த புதுத் தம்பதி, எல்லோரும் கேட்டோம். சொந்த மனைவியின் பிறந்தநாளை மறந்து வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் நான். இது மட்டும் மண்டையில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

(அது என்ன என்று இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். இப்போது மாற்றிவிட்டார்கள், இருந்தாலும் அடித்துவிட்டேன்.)

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

"நகரத்தின் இரைச்சலுக்கு நடுவே, புதுத் துணியின் வாசனை..." வேண்டாம். வாசனையில் தொடங்கும் கதைகளை நானே புரட்டிவிட்டுப் போகிறவன்.

"இன்றைய சிறு வணிகங்களுக்குக் கணினிப் பாதுகாப்பு என்பது..." ஐயோ சாமி. இது வங்கிச் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ்.

"அண்ணி போனை எடுத்தால் கேட்டவருக்குப் பதில் நிச்சயம்." இது இருக்கட்டும்.

கடை முதலாளி அண்ணியின் கணவருக்குத் தம்பி. அவர் அண்ணி என்று கூப்பிட, தையல்காரர்கள் கூப்பிட, பத்து வருடமாக நானும் அப்படியே கூப்பிடுகிறேன். திரை மாட்டப் போனவர் எங்கே, பக்கத்துத் தெருவில் யார் என்ன நிறம் எடுத்தார்கள், எதைக் கேட்டாலும் அண்ணி சொல்வார். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்புவது அவருக்கு மரியாதைக் குறைவு. கடைக்கு ஆட்கள் வந்ததே அந்தக் குணத்தால்தான்.

3

அன்று சாயங்காலம் வீட்டில் சும்மா இருந்த கை அரித்தது. கடையின் இணையப் பக்கத்தில், கடைக்காரர்கள் ஆர்டர் பார்க்க நுழைகிற இடத்தில் அந்த எழுத்துகளைத் தட்டினேன்.

[இந்த வேலையை வேறொரு பாத்திரத்தின் தலையில் கட்டப் பார்த்தேன். கறுப்புச் சட்டை, கலைந்த தலை, கணினித் திருடன். அவன் மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. செய்தது நான்தான்.]

திறந்துகொண்டது. முதலில் என் பெயர் கண்ணில் பட்டது. படுக்கையறை ஜன்னலின் நீளம், அகலம், கீழே ஒரு குறிப்பு: "மதியம் வீட்டில் ஆள் இல்லை. சாவி எதிர்வீட்டில்." சிரித்தேன். அடுத்ததாக ஒரு பெண்ணின் பெயர். அதன் கீழே: "கணவரை விட்டுப் பிரிந்து வந்திருக்கிறார். அவர் தேடிக்கொண்டிருக்கிறார். இந்தப் புது விலாசத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. விலாசம்..."

அதற்கு மேல் படிக்காமல் மூடினேன். கடையில் எல்லோரும் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று, ரகசியம் இன்னதென்று அண்ணி முழுசாக எழுதி வைத்திருந்தார். பாவம், அவ்வளவு நல்ல மனசு.

4

மறுநாள் காலை கடை திறந்ததும் போய் நின்றேன். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி அளவுகோலால் கல்லாவில் அறைந்தார்.

"அடப்பாவி! உங்களைப் போயி பெரிய மனுஷன்னு நினைச்சேனே!"

"திட்டுங்க அண்ணி. ஆனா நான் நுழைஞ்ச வழியில யார் வேணா நுழையலாம். அந்தப் பொண்ணோட விலாசம் அங்கதான் கிடக்குது."

அண்ணி உட்கார்ந்துவிட்டார். துணி பார்க்க வந்த அன்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, உள்ளே விளக்கு எரிந்தாலும் வெளியே தெரியாத துணி இருக்கிறதா என்று கேட்டது அவருக்கு நினைவு வந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது.

"நம்பி வந்துச்சுங்க அது," என்றார்.

முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "நம்மகிட்ட திருட என்ன அண்ணி இருக்கு? ஜன்னல் அளவா?"

"ஜன்னல் அளவுதான் தம்பி. பக்கத்துலயே யார் வீட்டு ஜன்னல்னு எழுதி வச்சிருக்கோமே! கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரை இப்பவே வரச் சொல்லுங்க."

5

ரிப்பேர்காரர் வந்தார். அண்ணி பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு அவர் உயிரை எடுத்தார். ஆளுக்கொரு பாஸ்வேர்டு ஆயிற்று. அதைப் போட்டாலும் அவரவர் போனுக்கு வரும் எண்ணைச் சேர்த்தால்தான் கதவு திறக்கும். தைப்பவருக்கு அளவு மட்டும் தெரியும், திரை மாட்டப் போகிறவருக்கு அன்று மட்டும் விலாசம் தெரியும். திரை மாட்டி முடித்த வீட்டின் குறிப்புகளை அழித்துவிட வேண்டும். அந்தப் பெண்ணின் குறிப்பை அண்ணி தன் கையாலேயே அழித்தார். கடைசி விதி, போனில் யாருக்கும் விலாசம் கிடையாது. "மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்குமே," என்று அதற்கு மட்டும் முனகினார்.

அந்த நிமிடமே போன் அடித்தது என்று எழுதினேன். நீங்கள் உதட்டைப் பிதுக்குவது இங்கே தெரிகிறது. சரி. அது அடித்தது ஒன்பது நாள் கழித்து, நான் அங்கே இல்லாதபோது. அண்ணி சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

"அக்கா, என் தங்கச்சி உங்க கடையிலதான் திரை தைச்சா. புது வீட்டுக்குச் சாமான் கொண்டுபோறேன், விலாசத்தைத் தொலைச்சிட்டேன். கொஞ்சம் சொல்லுங்கக்கா, வண்டி நிக்குது."

அந்தப் பெண்ணின் பெயரைச் சரியாகச் சொன்னான். பேச்சில் தேன் ஒழுகியது. கம்ப்யூட்டரில் அழித்தாயிற்று, அண்ணியின் தலையில் தெருப் பெயர் பத்திரமாக இருந்ததே! அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டதும் சொல்லிவிடுகிற இருபது வருடப் பழக்கம் சும்மா விடுமா?

"உங்க நம்பரைக் குடுங்க. அவங்களைக் கேட்டுட்டு நானே கூப்பிடறேன்."

"கூடப் பொறந்த அண்ணனை நம்ப மாட்டீங்களாக்கா?"

"கூடப் பொறந்தவர்னா தங்கச்சிக்கே போன் போடலாமே தம்பி."

எதிர்முனையில் போனை வைத்துவிட்டான். அண்ணி ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். அவளுக்கு அண்ணனே கிடையாது.*

*இந்த வரியோடு கதையை முடித்திருக்கலாம். கைதட்டல் கிடைத்திருக்கும். எனக்கு அதற்கப்புறம் அவள் என்ன ஆனாள் என்று தெரிய வேண்டியிருந்தது.

6

போன வாரம் குளியலறைத் திரை என்ற சாக்கில் போனேன்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கு அண்ணி? அங்கேயேதானா?"

அண்ணி அளவு நாடாவை நிதானமாகச் சுருட்டினார். "எதுக்குக் கேக்கறீங்க?"

"என்ன அண்ணி, எங்கிட்டயேவா? கதை எழுதறேன், முடிவு வேணும்."

"கதையா? அவங்ககிட்ட கேட்டீங்களா?"

பத்து வருடப் பழக்கம், பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னவனே நான், எனக்கே கதவைச் சாத்திவிட்டாரே! கோபமாகத்தான் வெளியே வந்தேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள், நடுரோட்டில் பைத்தியக்காரன்போலச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அண்ணியே கூப்பிட்டார். "கேட்டேன். எழுதிக்கலாமாம். நல்லா இருக்கேன்னு மட்டும் போடச் சொன்னாங்க."

போட்டுவிட்டேன். துணியின் விவரம், போன் வந்த நாள், அவளுக்கு அண்ணன் உண்டா இல்லையா, எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அது திரைச்சீலைக் கடையாகவே இல்லாமலும் இருக்கலாம். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் வீட்டுக்கு எத்தனை அறை வேண்டுமானாலும் கொடுங்கள், பிடித்தவர்களை வரவழையுங்கள், அவளை வாய்விட்டுச் சிரிக்க விடுங்கள். எந்தத் தெரு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.