பதினேழாம் எண் மாடு அசை போடுகிறது

பதினேழாம் எண் மாடு செத்துப்போனதைத் தன் கண்ணால் பார்த்தவர் மாட்டு டாக்டரம்மா. குழியில் சுண்ணாம்பு கொட்டும்போதும் கூடவே நின்றவர். ஆனாலும் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துத் திரையில் அது உயிரோடுதான் இருந்தது. நிலையத்தின் திட்டத்தில் சேர்ந்த விவசாயிகளின் மாடுகளுக்கெல்லாம் கழுத்தில் ஒரு பட்டை உண்டு. மாடு எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்று அது திரைக்குச் சொல்லிவிடும். பதினேழு காலையில் குளத்துப் பக்கம் போனது. வெயில் ஏறியதும் கொட்டகைக்குத் திரும்பிப் படுத்தது. 'அசை போடுகிறது' என்று பச்சை எழுத்து வந்தது.

"சார், அந்த மாடு செத்துடுச்சு."

இயக்குநர் மாட்டைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. மாட்டைப் பற்றிப் பேசுவதில் மட்டும் அவரை அடிக்க ஆளில்லை. சிறு விவசாயியின் வாழ்வாதாரம் என்று ஆரம்பித்தாரானால் சிறு விவசாயிக்கே கொட்டாவி வந்துவிடும்.

"செத்த மாடு எப்படிம்மா அசை போடும்?"

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்."

"திரை பொய் சொல்லாது. மனுஷங்கதான் சொல்லுவாங்க. நம்ம திட்டத்துலயே ஒழுங்கா மேயற மாடு இது ஒண்ணுதான். இதைப் போய் சாகடிக்கப் பாக்கறீங்களே!"

மாடு காய்ச்சலில் விழுந்த அன்று மாட்டுக்காரரின் மனைவி போன் மேல் போன் போட்டிருந்தாள். டாக்டரம்மா கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். 'விவசாயியின் குரலுக்குச் செவிகொடுப்போம்' என்பது தலைப்பு. போனை அணைத்துவைக்கச் சொல்லி உத்தரவு. போய்ச் சேர்ந்தபோது மாட்டுக்குக் கண் செருகிவிட்டது. இளங்கன்று காய்ந்த மடியை முட்டிக்கொண்டிருந்தது. பட்டையைக் கழற்றும் நினைப்பே யாருக்கும் வரவில்லை. மண்ணுக்குள் கிடந்து அதுதான் உளறுகிறது என்று மனதைத் தேற்றிப் பார்த்தார். மண்ணுக்குள் கிடப்பது குளத்துக்கா போகும்?

அதன்பிறகு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. இவர் சோற்றை மென்றால் திரையில் அதுவும் மென்றது. இவர் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது.

ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கொட்டகையில், மாடு கட்டும் முளையருகே, மாட்டுக்காரர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கழுத்தில் பட்டை. தாடை மெதுவாக, பக்கவாட்டில் அசைந்துகொண்டிருந்தது. கன்று அவர் விலாவில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தது.

"பட்டை ஓடற வரைக்கும்தான் தீவனம்னு உங்க ஆபீஸ்ல சொல்லிட்டாங்க," என்றாள் மனைவி, ரகசியக் குரலில். "பாலும் இல்ல, தீவனமும் இல்லன்னா கன்னு எப்படிப் பொழைக்கும்? குழிக்கிட்ட நீங்க அந்தப் பக்கம் திரும்பினப்ப இவருதான் கழட்டி மடியில சுருட்டிக்கிட்டாரு. சும்மா ரெண்டு நாளைக்கு மாட்டிக்கறேன்னாரு."

"இப்ப?"

"கழட்டப் போனா முறைக்கறாரு. பேச்சே நின்னுபோச்சு. நேத்து சோறு வெச்சேன், மோந்து பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. கன்னும் வேணும்தான். ஆனா எனக்கு ஆளு வேணுமே டாக்டரம்மா!"

டாக்டரம்மா குனிந்து கை நீட்டியதும் மாட்டுக்காரர் துள்ளி எழுந்து கொட்டகையைச் சுற்றிச் சுற்றி ஓடினார். போன் அலறியது. இயக்குநர்.

"பதினேழு பருவத்துக்கு வந்துடுச்சும்மா! நடமாட்டம் எகிறுது! சினை ஊசி போட ஆள் அனுப்பட்டுமா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதி வழியில் அது வேறு ஏதோ சத்தமாக மாறிவிட்டது. போனை அணைத்துவிட்டு, மிரண்ட மாட்டை அமர்த்துவதுபோல் மாட்டுக்காரரின் தாடைக்கடியில் தடவிக்கொடுத்தார். அவர் நின்றார். கொக்கி கழன்றது.

"தண்ணி," என்றார் மாட்டுக்காரர், தூங்கி எழுந்தவர்போல. மனைவி ஓவென்று அழுதபடி செம்பை எடுக்க ஓடினாள். கன்று கத்த ஆரம்பித்தது.

பட்டை நின்றால் தீவனம் நிற்கும். டாக்டரம்மா யோசிக்கவில்லை. அதைத் தன் கழுத்தில் பூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

நிலையத்துப் படிக்கட்டிலேயே இயக்குநரின் கூக்குரல் கேட்டது.

"யாராவது வாங்கய்யா! பதினேழு கேட்டுக்குள்ள வந்துடுச்சு! ஐயோ, மாடிப்படி ஏறுது!"

டாக்டரம்மா கதவைத் தள்ளினார். வாழ்வாதாரத்தின் காவலர் மேசைக்கடியில் பாதி நுழைந்திருந்தார்.

"மாடு செத்துடுச்சு சார். உங்க வாயால சொல்லுங்க. கன்னுக்குத் தீவனம் நிக்காதுன்னும் சொல்லுங்க."

"செத்துடுச்சும்மா, செத்துடுச்சு! தீவனம் நிக்காது, இப்பவே வண்டியில ஏத்தறேன்! முதல்ல அதைக் கழட்டித் தொலைங்க!"

டாக்டரம்மா கொக்கிக்குக் கையைக் கொண்டுபோனார். தலை தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. மறுபடி கொண்டுபோனார். மறுபடியும் இழுத்துக்கொண்டது.

இயக்குநர் இவரைப் பார்க்கவில்லை. இவருக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பச்சை வெளிச்சம் விழுந்தது.

டாக்டரம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனாலும் வாயில் ஏதோ இருந்தது. அதை மெல்ல வேண்டியிருந்தது.