அக்காவுக்குக் கிடைக்காத காலை

விடியும் முன்பே இறால் லாரி வந்துவிடும். தகர மேசைகளின் மேல் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். ஐஸ் துண்டுகளுக்குள் கையை விட்டு இறாலை அள்ளி, தலையைத் திருகி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்தெறிய வேண்டும். முதல் கூடை தீர்வதற்குள் விரல்கள் மரத்துவிடும். அதற்கப்புறம் முள் குத்தினாலும் தெரியாது, ரத்தத்தைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. உட்கார ஒரு பலகை கிடையாது. உட்கார்ந்தால் கை தூங்கிவிடும் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு.

அந்தக் கொட்டகையில் அக்காவும் தங்கையும் அடுத்தடுத்து நின்று உரித்தார்கள். மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் எல்லோரும் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர்கள் சம்பளத்தன்று மட்டும் வெளியே வரும்.

பெரியவளுக்கு மாதவிலக்கு நின்று போனபின் மறுபடியும் ரத்தம் பட ஆரம்பித்தது. மேஸ்திரியிடம் போய் நின்றாள். “ஒரு காலை மட்டும் விடுங்கண்ணே. ஆஸ்பத்திரியில காட்டிட்டு மத்தியானம் வந்துடறேன்.”

“சீசன் முடியட்டும்மா. இப்ப ஒரு கை குறைஞ்சாலும் முதலாளி என் தோலை உரிச்சிடுவாரு.”

சீசன் முடிந்தது. அடுத்த சீசனும் வந்து போனது. கடைசியில் மேசையடியில் சுருண்டு விழுந்த பிறகுதான் பெரியவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கருப்பைவாயில் புற்றுநோய், பரவிவிட்டது என்றார் டாக்டர். முடிவு வரை அவளைத் துடைத்து, உடுத்தி, மடியில் போட்டுக்கொண்டவள் சின்னவள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே ஏதோ கட்டி தட்டிப் போயிருந்தது.

அக்காவின் இடத்தில் அக்கா மகள் வந்து நின்றாள். பதினெட்டு வயது. தாயில்லாத பிள்ளை இனி சித்தியின் பிள்ளை.

பெரியவளின் சாவைப் பற்றிக் கொட்டகையில் முணுமுணுப்பு கிளம்பியது. முதலாளி உஷாரானார். வாசலில் பேனர் கட்டி, போட்டோக்காரரை வரவழைத்து இலவச மருத்துவ முகாம் நடத்தினார். லேபிலிருந்து வந்தவர்கள் வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாப் பெண்கள் கையிலும் ஆளுக்கொரு சின்னக் குச்சியைக் கொடுத்து, பிறப்புறுப்பிலிருந்து எப்படி மாதிரி எடுப்பது என்று மட்டும் சொல்லிப் பாத்ரூமுக்கு அனுப்பினார்கள். எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. முப்பதைத் தாண்டியவர்களில் பலர் கூச்சப்பட்டு நழுவிக்கொண்டார்கள். சின்னவளும்தான். சின்னப் பெண்கள் மேஸ்திரிக்குப் பயந்து சொன்னதைச் செய்தார்கள்.

சில நாட்கள் கழித்து, வேலை மும்முரமாக நடக்கும்போது மேஸ்திரி மேசை நடுவில் வந்து நின்று மூன்று பெண்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “உங்களுக்கெல்லாம் தொற்று இருக்காம். கையைக் கழுவிட்டுக் கிளம்புங்க. இனிமே வேலை கிடையாது.”

மூவரில் ஒருத்தி அக்கா மகள்.

சின்னவள் ஈரக் கையோடு முதலாளி அறைக்குள் நுழைந்தாள். “என்ன தொற்றுன்னு சொல்லுங்கய்யா.”

“எச்.பி.வி.ன்னு ஏதோ போட்டிருக்கான். இது சாப்பிடற சரக்கும்மா, கப்பல்ல போகுது. தொற்று புடிச்ச கையை இதுல வைக்க விட முடியுமா?” நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அதுவும் எப்படி வர்ற தொற்று தெரியுமா? ஒழுங்கா இருக்கிற பொண்ணுக்கு வராதாம். உங்க வீட்டுப் பொண்ணை நீதான் பாத்துக்கணும். என் வாயைக் கிளறாதே.”

கதவு திறந்திருந்தது. கொட்டகை முழுக்கக் கேட்டது.

அக்கா மகள் ஐஸ் கிடங்குக்குப் பின்னால் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். சித்தி தோளைத் தொட்டதும் திரும்பினாள்.

“அம்மாவுக்கு வந்ததுதானே சித்தி? இந்தத் தொற்றாலதான் அம்மா செத்தாங்கன்னு அங்க பேசிக்கிறாங்க. எனக்கும் அம்மா மாதிரியே ஆயிடுமா? கடைசில வந்துச்சே ஒரு வாடை... எனக்கும் வருமா?”

சின்னவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பெண்ணின் கையைப் பிடித்து அரசு சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அங்கே நர்சம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் பெண்ணுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“இங்க பாரு கண்ணு. உனக்கு இருக்கிறது புற்றுநோய் இல்லை. ஒரு வைரஸ். உலகத்துல பாதிப் பேருக்கு மேல எப்பவாவது வந்து போறதுதான், ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும். உன் வயசுல வந்தா பெரும்பாலும் உடம்பே ஒண்ணு ரெண்டு வருஷத்துல விரட்டிடும். அதனாலதான் உன் வயசுப் பொண்ணுங்களுக்கு இந்தப் பரிசோதனையே வேண்டாம்னு சொல்றோம். தானாப் போறதைக் கண்டுபிடிச்சு, வீணாப் பயமுறுத்தத்தான் ஆகும். உனக்கு யாரு பண்ணினது?”

“முதலாளி” என்றாள் சின்னவள். “இறால்ல ஒட்டிக்கும்னு சொல்றாரு.”

“தண்ணியில, சாப்பாட்டுல, கை பட்டு எல்லாம் இது பரவாது. நெருங்கிப் பழகும்போது தோலோட தோல் பட்டு வர்றது. எப்ப வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. நீங்களும் கேட்டுக் குடையாதீங்க. இதை வச்சு ஒரு பொண்ணோட நடத்தையை எடை போடறவன் முட்டாள்.”

“அப்ப இவளுக்கு மருந்து?”

“இப்ப ஒண்ணும் வேண்டாம். மாதவிலக்கு இல்லாத நாள்ல ரத்தம் பட்டா உடனே வரணும். இல்லைன்னா முப்பது வயசுல வந்தாப் போதும். தடுப்பூசி போட்டுக்கலாம். இருக்கிறதை அது விரட்டாது, இனிமே வேற வகை வராமப் பாத்துக்கும். ஒன்பதுலருந்து பதினாலு வயசுக்குள்ள போட்டா ரொம்ப நல்லது. உங்க தெருப் பிள்ளைங்களை அனுப்புங்க.”

பெண் மூச்சை இழுத்து விட்டாள். சித்தியின் முகம் தெளியவில்லை.

“அப்ப எங்க அக்கா?”

நர்சம்மா நாற்காலியைச் சின்னவள் பக்கம் திருப்பினாள். “சில பேருக்கு வைரஸ் போகாமத் தங்கிடும்மா. பத்துப் பதினஞ்சு வருஷம் மெதுவா அரிக்கும். முப்பதுக்கு மேல பரிசோதனை பண்ணினா அது புற்றா மாறறதுக்கு முன்னாலயே பாத்து எடுத்துடலாம்.”

“அந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“கால் மணி நேரம்.”

சின்னவள் அந்த வார்த்தையை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அக்கா செத்ததிலிருந்து அழாததையெல்லாம் அழுது தீர்த்தாள்.

வீடு திரும்பும் வழியில் பெண் தரையைப் பார்த்தபடி கேட்டாள். “நீ ஒண்ணும் கேக்கலியே சித்தி?”

கேள்வி தொண்டை வரை வந்துதான் நின்றது. சின்னவள் அதை விழுங்கினாள். “பசிக்குதான்னுதான் கேக்கணும். காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலியே நீ.”

மறுநாள் இருட்டோடு மூன்று பெண்களையும் முன்னால் விட்டுக்கொண்டு சின்னவள் கொட்டகைக்குள் வந்தாள். ஐஸுக்குள் கையை விடாமல், நர்சம்மா சொன்னதை மேசை மேசையாகச் சொன்னாள். இந்த நோய் பற்றிச் சத்தமாகப் பேச இத்தனை நாள் எல்லோரும் வெட்கப்பட்டார்கள். அந்த வெட்கத்தை விட்டதும் ஒவ்வொருத்தியாக வாய் திறந்தார்கள். ஒருத்திக்கு ஒரு வருஷமாக இடுப்பு வலி. இன்னொருத்தி நாப்கின் மாற்றப் போனதற்குத் திட்டு வாங்கியிருந்தாள்.

கட்டைக்குரல்காரி என்று பெயர் வாங்கியவள் கையிலிருந்த இறாலை மேசையில் போட்டாள். “பெரியவ போனப்பவே நிறுத்தியிருக்கணும். இப்பவாவது நிறுத்துவோம்.”

கைகள் ஐஸிலிருந்து வெளியே வந்தன. முதலாளி ஓடி வந்தார்.

“சரக்கு கெட்டா யார் பொறுப்பு?”

“பெரியவ உடம்பு கெட்டதுக்கு யார் பொறுப்புங்கய்யா?” என்றாள் சின்னவள். “மூணு பொண்ணுங்களும் அவங்க இடத்துல நிக்கணும். ஒருத்தி உடம்பு சமாச்சாரத்தை இனிமே யாரும் சந்தியில கத்தக் கூடாது. முப்பதுக்கு மேல உள்ளவங்களுக்குப் பரிசோதனைக்குப் போகக் கூலியோட லீவு வேணும்.”

“எனக்கே சட்டம் போடறியா? வெளியூர்லருந்து ஆள் இறக்கத் தெரியாதா எனக்கு? போங்க வெளியே!”

வெளியே போனார்கள். கேட்டுக்கு முன்னால் புழுதியில் உட்கார்ந்தார்கள். பல வருஷங்களில் வேலை நேரத்தில் அவர்கள் உட்கார்ந்தது அன்றுதான். ஐஸ் சுமக்கும் ஆண்கள் வந்து விசாரித்தார்கள். முதலில் ஒருவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். அவனோடு வந்த கிழவர் அவன் முதுகில் ஒன்று வைத்தார். “பெரியவளைத் தூக்கிட்டு ஓடினது நாமதான்டா.” பாளங்களை வண்டியிலேயே விட்டுவிட்டு அவர்களும் உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறியது. கட்டைக்குரல்காரி சின்னவளை முழங்கையால் இடித்தாள். “முப்பது தாண்டினவ எல்லாம் ரெண்டு ரெண்டு பேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்கடி. லீவு கேட்க இன்னைக்கு மேஸ்திரி காலைப் புடிக்க வேண்டாம், பாரு!”

சிரிப்பு எழுந்தது. சின்னவள் தயங்கினாள். “நான் போயிட்டா இங்க...”

“போ சித்தி” என்றாள் அக்கா மகள். “நான் இருக்கேன்ல.”

சுகாதார நிலையத்தில் சின்னவள் கட்டிலில் மல்லாந்து படுத்தாள். நர்சம்மா பேச்சுக் கொடுத்துக்கொண்டே மாதிரியை எடுத்தாள். கூரையைப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. “முடிவு வர நாளாகும். எதுவா இருந்தாலும் பயப்படாம வாங்க, பாத்துக்கலாம்” என்றாள். படியிறங்கும்போது சின்னவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இவ்வளவுதானா? இதற்குத்தானா என் அக்காவை விடவில்லை?

திரும்பி வந்தபோது கேட்டில் பூட்டு தொங்கியது. முதலாளி சொன்னதைச் செய்திருந்தார். வெளியூர்ப் பெண்களை ஏற்றிவந்த லாரி ரோட்டில் நின்றது. கொட்டகைப் பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் ஹாரனை அடித்து ஓய்ந்துபோயிருந்தான். அக்கா மகள் லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு, மேலே இருந்தவர்களிடம் தன் அம்மாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தனக்கு வந்ததையும் மறைக்காமல் சொன்னாள். காது மடல்கள் சிவந்திருந்தன, ஆனாலும் நிறுத்தவில்லை.

லாரிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி குனிந்து மெல்லக் கேட்டாள். “அந்தப் பரிசோதனை... எங்களுக்கும் பண்ணுவாங்களா?”

சின்னவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “உனக்கு முப்பது ஆச்சா?”

“போன வருஷமே ஆச்சுக்கா.”

“பிள்ளையை இப்படிக் குடு” என்று சின்னவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். “பாத்து இறங்கு. நானே கூட்டிட்டுப் போறேன்.”